ஒரே உயரமா, நாலு உயரமா?

வாசகர் கேள்வி – பதில்

வண்டியைத் தாழ்த்துவது பற்றி வந்த கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு இதழிலும் ஒன்றிரண்டாகப் பதில் சொன்னால் விஷயம் துண்டு துண்டாகப் போய்விடும், அதனால் இந்த முறை பகுதி முழுக்க, காற்றுப்பையில் வண்டியை நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷனும், சுற்றி உயரம் மாற்றும் இரும்பு ஸ்பிரிங்கான காயில்ஓவரும்தான்.

கேள்வி: அண்ணா, என்னிடம் நாலு கதவு செடான் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதை. ஒரு இன்ச் அல்லது ஒன்றரை இன்ச் தாழ்த்த ஆசை. ஏர் போட்டால்தான் சொகுசு, காயில்ஓவர் போட்டால் முதுகு போய்விடும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். ஏர் போட்டால் வளைவில் வண்டி மிதக்கும், காயில்ஓவர்தான் ஆண்பிள்ளை வேலை என்கிறான் இன்னொருவன். இரண்டு வருஷம் சேர்த்த பணம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் ஓரமாக வைத்துவிட்டு என்னுடைய ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் வண்டி ஒரு வாரத்தில் எத்தனை உயரத்தில் நிற்க வேண்டும்?

ஒரே உயரம் போதும், அதில் வைத்துவிட்டால் ஆறு மாதம் தொடவே மாட்டேன் என்றால் காயில்ஓவர். காலையில் ஓர் உயரம், ஏற்றமான சரிவுப்பாதையில் இன்னோர் உயரம், நிறுத்திவைக்கும்போது தரையைத் தொட வேண்டும், குடும்பத்தோடு சாமான் ஏற்றினால் மறுபடி வேறோர் உயரம் என்றால் ஏர். சொகுசா, பிடிமானமா என்கிற சண்டை அதற்கு அப்புறம்தான் வரும். அந்தச் சண்டையிலும் பாதி தவறான புரிதல்.

காயில்ஓவர் என்பது ஷாக் அப்சார்பர் உடம்பிலேயே மரை வெட்டி, அதன்மேல் ஸ்பிரிங்கை மாட்டி, கீழே இருக்கும் வளையத்தைச் சுற்றினால் வண்டி ஏறி இறங்கும்படி செய்த அமைப்பு. உயரத்தை மாற்ற வேண்டுமென்றால் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, கொக்கி ஸ்பானரால் வளையத்தைத் தளர்த்த வேண்டும். ஏர் சஸ்பென்ஷனில் அந்த இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் காற்றுப்பை. (ஸ்டீயரிங்கில் வெடித்து வரும் ஏர்பேக் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) டிக்கியில் ஒரு கம்ப்ரஸர், ஒரு டேங்க், காற்றைத் திறந்து மூடும் ஒரு வால்வு பிளாக். அங்கிருந்து நாலு சக்கரத்துக்கும் குழாய் ஓடும். பட்டனை அழுத்தினால் வண்டி எழும், அமரும்.

இரண்டிலுமே ஷாக் அப்சார்பர் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேட்டில் ஏறி இறங்கியபின் வண்டி ஒரே அசைவில் அடங்குகிறதா, மூன்று தடவை ஆடுகிறதா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். மட்டமான ஷாக் உள்ள ஏர் வண்டி படகு மாதிரி மிதக்கும், மட்டமான ஷாக் உள்ள காயில்ஓவர் வண்டி மரப்பலகை மாதிரி உதறும். உங்கள் இரண்டு நண்பர்களும் ஏறிப்பார்த்தது அநேகமாக இப்படிப்பட்ட வண்டிகளாகத்தான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு ஒட்டுமொத்தமாகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

ஏர் வண்டி வளைவில் மோசம் என்பதும் உண்மையில்லை. சரியான உயரத்தில், நல்ல ஷாக்கோடு போட்ட ஏர் வண்டி மலைப்பாதையில் நன்றாகவே போகும். ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு காற்றுப்பைக்கும் நன்றாக வேலை செய்கிற ஓர் உயரம் உண்டு. அதைவிடக் கீழே இறக்கினால் காற்று குறைந்து மிருதுவாகிவிடும், கீழே போக இடமும் இருக்காது, சின்னப் பள்ளத்திலேயே ‘டொக்’ என்று பம்ப் ஸ்டாப் என்கிற கடைசித் தடுப்பு ரப்பரில் இடிக்கும். அதைவிட மேலே ஏற்றினால் பை விறைத்துப்போய், சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் வண்டி குதிக்கும். ஆக நாலு உயரம் கிடைத்தாலும் ஓட்டுவதற்கு நல்லது அதில் ஒன்றுதான், மற்றதெல்லாம் நிறுத்துவதற்கும் மெதுவாகத் தாண்டுவதற்கும். வாங்கும் முன் இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் விஷயத்தில் என் பதில் காயில்ஓவர். ஒன்றரை இன்ச்சுக்குமேல் இறக்கப் போவதில்லை, மலைப்பாதை ஓட்டுகிறீர்கள், தரையில் படுக்கவைக்கும் ஆசையும் உங்கள் கடிதத்தில் இல்லை. டிக்கியில் கம்ப்ரஸரும் டேங்க்கும் கூடுதல் எடையாக உட்காரவும் வேண்டாம். சேர்த்த பணம் முழுவதையும் பெட்டிக்குள் வரும் பொருளுக்கே கொடுத்துவிடாதீர்கள். மாட்டும் கூலி, ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் புது டாப் மவுண்ட், இணைப்புகளில் தேய்ந்த ரப்பர் புஷ்கள், கடைசியாக வீல் அலைன்மென்ட், இதற்கெல்லாம் ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் கிடைக்கும் நல்லதை வாங்குங்கள். உயரம் மாறினால் டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) கேம்பரும் (சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்) கட்டாயம் மாறும். அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிய ஆரம்பிக்கும், நின்று பார்த்தால் வெளிப்பக்கம் புத்தம்புதிதாக இருப்பதால் கடைசிவரை கண்ணிலேயே படாது.

ஒருவேளை உங்களுக்கு இடிப்பது ஒரே ஒரு சரிவுப்பாதையில் முன் பம்பர் மட்டும்தான் என்றால் நடுவில் ஒரு வழி உண்டு. காயில்ஓவர் ஸ்பிரிங்குக்கு மேலேயோ கீழேயோ உட்காரும் சின்ன ஏர் கப் கிடைக்கிறது. காற்று விட்டால் மூக்கு மட்டும் ஒன்றரை இரண்டு இன்ச் தூக்கும், தாண்டியதும் இறக்கிவிடலாம். ஓட்டும்போது முழுக்க இரும்பு ஸ்பிரிங்தான் வேலை செய்யும்.

கேள்வி: சார், ஒருவர் கழற்றி விற்ற காயில்ஓவரை வாங்கி மாட்டினேன். கல்லில் உருளுகிற மாதிரி இருக்கிறது. ஸ்பிரிங்கில் 8 என்று எழுதியிருக்கிறது. டேம்பிங்கை (ஷாக் ஆட்டத்தை அடக்கும் பலத்தை) முழுக்க மிருதுவாக்கியும் மாற்றமில்லை. காயில்ஓவர் என்றாலே இப்படித்தானா?

பதில்: இல்லவே இல்லை. அந்த 8-ஐ மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

8 என்றால் 8 கிலோ எடை வைத்தால் ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்கும் என்று அர்த்தம். உங்கள் வண்டியின் முன்மூலை ஒன்றில் ஸ்பிரிங் சுமக்கும் எடை 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 8-ஆல் வகுத்தால் 37.5 மி.மீ. வண்டி நிற்கும்போது அந்த ஸ்பிரிங் அமுங்கியிருப்பது அவ்வளவுதான். இப்போது சக்கரத்துக்கு அடியில் 50 மி.மீ. பள்ளம் வருகிறது. ஸ்பிரிங் 37.5 மி.மீ. வரைக்கும் சக்கரத்தைக் கீழே தள்ளும், அதற்குமேல் தள்ள அதில் தெம்பில்லை. அங்கே டயர் தரையை விட்டுவிடும், அடுத்த விளிம்பில் ‘டம்’ என்று வந்து மோதும். நீங்கள் கல்லில் உருளுவதாகச் சொல்வது இதைத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். எத்தனை மி.மீ. அமுங்குகிறதோ அதன் வர்க்கமூலத்தை எடுத்து, 16-ஐ அதால் வகுத்தால் வண்டி ஒரு நொடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆட விரும்பும் என்பது தோராயமாக வந்துவிடும். 37.5-இன் வர்க்கமூலம் 6.1, ஆகவே சுமார் 2.6 ஹெர்ட்ஸ். சாதாரணக் குடும்ப வண்டிகள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்கும், 2-ஐத் தாண்டினால் பந்தயத் தளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று பொருள். விற்றவர் அதைப் பந்தயத் தளத்தில் ஓட்டியிருக்கலாம், உங்களுடையது அன்றாட வண்டி. 4 கிலோ ஸ்பிரிங் என்றால் அமுக்கம் 75 மி.மீ., கணக்கு 1.8-க்கு வரும், அது தாங்கக்கூடியது. (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் ஸ்ட்ரட் உள்ள முன்பக்கத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு நேராகப் பொருந்தும். பின்பக்கத்தில் ஸ்பிரிங், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருந்தால் நெம்புகோல் விகிதத்தையும் சேர்க்க வேண்டும், அங்கே அதே 8 இவ்வளவு கடினமாகத் தெரியாது.)

ஆனால் உடனே ஸ்பிரிங் வாங்க ஓடாதீர்கள், முதலில் ஒரு சோதனை. ஷாக்கின் பளபளப்பான தண்டைச் சுற்றி, வயர் கட்டப் பயன்படுத்தும் சின்ன பிளாஸ்டிக் டை ஒன்றை மாட்டி, உடம்புவரை கீழே தள்ளிவிட்டு வழக்கமான பாதையில் ஒரு நாள் ஓட்டுங்கள். மாலையில் ஜாக்கி போட்டுப் பாருங்கள். டை தண்டின் உச்சியில், பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் பிரச்சினை ஸ்பிரிங் கடினம் மட்டுமில்லை, வண்டியை அளவுக்குமேல் இறக்கி வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பரில் இடிக்கிறது. 15 மி.மீ. ஏற்றிப் பாருங்கள், வேறு வண்டி மாதிரி இருக்கும். அதே சமயம் தண்டில் எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது, எந்த ஸ்பிரிங் மாற்றியும் பயனில்லை.

அப்புறம் டேம்பிங் குமிழ். அது ஸ்பிரிங்கை மிருதுவாக்கும் குமிழ் இல்லை. கடினமான ஸ்பிரிங்கில் டேம்பிங்கை முழுக்கத் திறந்துவிட்டால் அந்த ஸ்பிரிங்கை அடக்க ஆளில்லாமல் வண்டி இன்னும் துள்ளும். நீங்கள் அதைச் செய்துவிட்டு மாற்றமில்லை என்கிறீர்கள், நியாயம்தான். குமிழை முழுக்க மூடி, அங்கிருந்து கிளிக் எண்ணிக்கொண்டே திறந்து, நடுவில் வையுங்கள். ஒரே பாதையில் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு இரண்டு கிளிக்காக மாற்றுங்கள், இடமும் வலமும் ஒரே எண்ணிக்கையாக இருக்கட்டும். ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள், மூன்றாவது தடவைக்குள் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துவிடும்.

பிரிலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும், தளர்த்தினால் மிருதுவாகும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். முழுக்க ஒரே கடினமுள்ள நேர் ஸ்பிரிங்கில் 8 என்பது எப்படி இறுக்கினாலும் 8-தான்.

ஸ்பிரிங் மாற்றுவதாக முடிவு செய்தால் அந்த ஷாக் எந்த எண்முதல் எந்த எண்வரை தாங்கும் என்பதைத் தயாரித்தவரிடமே கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: சார், என் வண்டி ஏற்கெனவே தாழ்வு. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்கத் தவிக்கிறார். வண்டியை விற்க மனமில்லை. ஏர் போட்டால் அம்மாவுக்கு உதவுமா, இல்லை இது வெறும் அலங்காரமா?

பதில்: உதவும், தாராளமாக உதவும். இப்படிப்பட்ட கேள்வி வரும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது, ஏனென்றால் ஏர் சஸ்பென்ஷன் எதற்காக வளர்ந்ததோ அதற்குப் பக்கத்தில் நிற்கும் கேள்வி இது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இருக்கை ரொம்பத் தாழ்வாக இருந்தால் எழுந்திருப்பது கஷ்டம். இரண்டு இன்ச் ஏற்றினால் இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே உள்ள கோணமே மாறிவிடும். அம்மா ஏறும்முன் ஒரு பட்டன், கதவு சாத்தியதும் இன்னொரு பட்டன், அவ்வளவுதான்.

நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது அழுத்தத்தை அளந்து வேலை செய்யும் முறையா, உயரத்தை அளந்து வேலை செய்யும் முறையா என்பது. முதல் வகையில் ‘முன்னால் 55, பின்னால் 45 பி.எஸ்.ஐ.’ என்று சேமித்து வைப்பீர்கள். நீங்கள் தனியாக இருக்கும்போது அந்த 45-இல் வண்டி நேராக நிற்கும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறினால் அதே 45-இல் பின்பக்கம் அமர்ந்துவிடும், கணினி ‘அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது’ என்று சும்மா இருக்கும். இரண்டாம் வகையில் ஒவ்வொரு சக்கரத்தின் ஆர்மிலும் ஒரு சின்ன நெம்புகோலோடு சென்ஸார் இருக்கும். யார் ஏறினாலும் உயரம் குறைந்தது தெரிந்து, தேவையான காற்றைச் சேர்த்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். செலவும் வயரிங்கும் கூடுதல், சென்ஸாரைச் சரியாகப் பொருத்திப் பழக்குவதற்கு நேரமும் ஆகும். ஆனால் ஆள்களும் சாமானும் மாறிக்கொண்டே இருக்கும் குடும்ப வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வால்வு சத்தம் பழகும்வரை அம்மாவுக்குத் திடுக்கென்று இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் ஒரு காலை உள்ளே வைத்திருக்கும்போது வண்டியை ஏற்றவோ இறக்கவோ கூடாது.

கேள்வி: காற்றில் ஓடும் கார் என்பதெல்லாம் புது நாகரிகமா, பழைய விஷயமா?

பதில்: பழையது. 1957-இல் வந்த காடிலாக் எல்டொராடோ பிரோகமில் ஏர் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். கசிவுத் தொல்லை தாங்காமல் அதைக் கழற்றிவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டுக்கொண்ட உரிமையாளர்கள் பலர். 1961-இல் மெர்சிடிஸ் 300 எஸ்.இ. வந்தது. அதற்கு முன்பே, 1955-இல், சிட்ரோயன் டி.எஸ். எண்ணெயையும் வாயுவையும் சேர்த்து வேறொரு வழியில் இதையே சாதித்தது.

ஆனால் இது நிலைத்து நின்றது பேருந்திலும் லாரியிலும்தான். காலி லாரிக்கும் சரக்கேற்றிய லாரிக்கும் எடை எவ்வளவு வித்தியாசம்! இரும்பு ஸ்பிரிங்கைச் சரக்குக்காகக் கடினமாக வைத்தால் காலியாகப் போகும்போது குலுக்கி எடுக்கும். காற்றில் அந்தச் சிக்கல் இல்லை. எடை ஏற ஏறக் காற்றைச் சேர்த்து அதே உயரத்தில் வைத்தால், கடினமும் எடைக்கு ஏற்றபடி தானே கூடும், அதனால் ஆட்டத்தின் வேகம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். நெடுந்தூரப் பேருந்தில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், கறுப்பு ரப்பர் பை தெரியும்.

கேள்வி: அண்ணா, ஏர் போட்டு நாலு மாதம் ஆகிறது. ராத்திரி நிறுத்தும்போது நேராக நிற்கிறது, காலையில் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மாட்டிய இடத்தில் கேட்டால் ‘ஏர் என்றால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்’ என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. ஒழுங்காக மாட்டிய ஏர் வண்டி வாரக்கணக்கில் அப்படியே நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறதென்றால் கசிவு, வேறு பேச்சே இல்லை.

நாலு மூலையும் ஒரே அளவாக, துளி இறங்குவது மட்டும் இயற்கை. மாலையில் 30 டிகிரி, விடியற்காலை 20 டிகிரி என்றால் காற்று சுருங்கி, 60 பி.எஸ்.ஐ. இருந்த இடத்தில் இரண்டு மூன்று குறையும், வெயில் வந்ததும் திரும்பிவிடும்.

என் வண்டியிலும் இதே கதை நடந்தது. மாட்டியதும் நானேதான். இடது பின்பக்கம் தினமும் அரை இன்ச் இறங்கியது. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரவில் டேப்பால் அளந்து கதவோரத்தில் பென்சிலால் எழுதுவேன், காலையில் மறுபடி அளப்பேன். நாலு நாள். பை ஓட்டையாகிவிட்டது என்று நினைத்து மனசே விட்டுப்போனது. பிறகு ஒரு மாலை, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தெளிப்பானில் ஊற்றி, வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, கீழே ஸ்டாண்ட் வைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பாக அடித்துக்கொண்டே வந்தேன். பையில் ஒன்றுமில்லை. வால்வு பிளாக்கில் ஒன்றுமில்லை. கைவிடப் போகும் நேரத்தில், பைக்கு மேலே குழாய் செருகும் இடத்தில், கடுகு அளவு நுரை ஒன்று மெதுவாக வீங்கி, உடைந்து, மறுபடி வீங்கியது. குழாயை உருவிப் பார்த்தால் முனை சாய்வாக, நசுங்கி இருந்தது. அவசரத்தில் கட்டிங் பிளையரால் வெட்டியிருக்கிறேன். அந்தச் சாய்ந்த முனை உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தில் ஒரு பக்கம் சரியாகப் படவே இல்லை. ஒரு சென்டிமீட்டர் தள்ளி, குழாய் வெட்டும் கத்தியால் நேராக வெட்டி, ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்தினேன். மறுநாள் காலை டேப்பில் அளவு ஒரு மி.மீ. கூட மாறவில்லை.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். செருகும் இணைப்புகள், மரை உள்ள இடங்கள், கடைசியாகப் பை. பையைப் பார்க்கும்போது சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பை எதிலாவது உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் மினுமினுப்பாக ஒரு தடம் தெரிந்தால் அங்கே உரசுகிறது, உடனே இடைவெளி கொடுக்க வேண்டும். உரசுகிற பை என்றாவது ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும்.

கசிவைத் தள்ளிப்போடாதீர்கள். இறங்கிய காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப ஓடும், அது நிற்காமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, சூடேறிப் போய்விடும். டேங்க்கின் அடியில் உள்ள வடிகாலையும் மாதம் ஒருமுறையாவது திறந்துவிடுங்கள், ஈரப்பதம் உள்ள காலத்தில் இன்னும் சீக்கிரமாகவே. காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக இறங்கும், அந்தத் தண்ணீர் வால்வுக்குள் போனால் துரு, குளிர் நாடுகளில் உறைந்து வால்வே திறக்காது.

கேள்வி: முழுக்க இறக்கிய நிலையிலேயே மெதுவாக ஓட்டலாமா?

பதில்: கூடாது. பத்து மீட்டர்கூட வேண்டாம். டயர் மட்கார்டைக் கிழிக்கும், ஆக்ஸில் ஜாயின்ட் தவறான கோணத்தில் சுற்றும், எஞ்சின் எண்ணெய்த்தொட்டி தரைக்கு விரலளவு தூரத்தில் இருக்கும், பையும் மடிந்து நசுங்கும். ஏற்றிவிட்டு எடுங்கள். இன்னொன்று, காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஒரு குழாய் கழன்றால் நொடியில் வண்டி உங்கள்மேல் இருக்கும். ஸ்டாண்ட் இல்லாமல் யாரும் கீழே படுக்கக் கூடாது.

கேள்வி: வண்டி தாழத் தாழ வளைவில் நன்றாகப் போகும் என்பது சரிதானே?

பதில்: ஒரு எல்லைவரை. எடையின் மையம் கீழே வருவது நல்லதுதான். ஆனால் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டிகளில் வேறொன்றும் நடக்கிறது. வண்டி உருளுவதற்கு அச்சாக ஒரு கற்பனைப் புள்ளி உண்டு, ரோல் சென்டர் என்பார்கள். ஸ்ட்ரட் வண்டியை இரண்டு இன்ச் இறக்கினால் எடையின் மையம் இரண்டு இன்ச் இறங்கும், கீழ் ஆர்ம்களின் கோணம் மாறுவதால் ரோல் சென்டரோ அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளம், அது நீண்டுபோகிறது. தாழ்ந்த வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும், அதை மறைக்கத்தான் கடினமான ஸ்பிரிங் போட வேண்டியிருக்கிறது. கடினமான ஸ்பிரிங் பிடிமானத்துக்காக மட்டும் என்று நினைத்தவர்கள் இதை ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம்.

நிறுத்திய நிலையில் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து கீழ் ஆர்மைப் பாருங்கள். உள்முனை உயர்ந்தோ, தரைக்கு இணையாகவோ இருந்தால் சரி. வெளிமுனை மேலேறி, உள்முனை தாழ்ந்துவிட்டால் அளவுக்குமேல் இறக்கிவிட்டீர்கள். காயில்ஓவரோ ஏரோ, இந்தக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: நானே மாட்ட முடியுமா? எனக்கு பிரேக், எண்ணெய், பேட்டரி வேலையெல்லாம் தெரியும். இரண்டில் எது எளிது?

பதில்: காயில்ஓவர் எளிது, அதிலும் ஸ்பிரிங் ஷாக்கோடு சேர்த்துக் கட்டி வருவதாக இருந்தால் ஒரு நாளில் முடிக்கலாம். பழைய டாப் மவுண்டை எடுத்து மாட்ட வேண்டியிருந்தால் பழைய ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டும், அந்த ஒரு வேலையை மட்டும் ஸ்பிரிங்கை அமுக்கும் நல்ல கருவி உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் கையைவிட்டுத் தெறித்தால் எலும்பை உடைக்கும்.

ஏர் என்றால் வயரிங், குழாய் ஓட்டம், டேங்க்கைக் கெட்டியாகக் கட்டுவது எல்லாம் சேரும். கம்ப்ரஸருக்கு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேண்டும், பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். அது இல்லாமல் தகடு உரசி வயர் அறுந்தால் தீப்பிடிக்கும். குழாயைச் சைலன்சருக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. சக்கரம் தூக்கியிருக்கும்போது பையில் காற்றே இல்லாமல் வண்டியைக் கீழே இறக்கவும் கூடாது, பை உள்ளுக்குள் மடிந்து கிழியும், கொஞ்சமாவது காற்று விட்டுவிட்டு ஜாக்கியை இறக்குங்கள். முதல் தடவை என்றால் இதெல்லாம் செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மாற்றம் செய்த வண்டிக்கான சட்டமும் காப்பீட்டு விதியும் இடத்துக்கு இடம் வேறு, பெட்டியைப் பிரிக்கும்முன் கேட்டுவிடுங்கள்.

எதைப் போட்டாலும், ஆர்ம்களில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். பெரும்பாலான புஷ்கள் உள்ளே ரப்பரோடு ஒட்டியிருக்கும், தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதத்தில் கிழியும், உயரமும் ஏமாற்றும். எல்லாவற்றையும் கையால் மட்டும் பிடிக்கவைத்து, வண்டியைச் சக்கரத்தின்மேல் நிறுத்தி, முன்னும் பின்னும் இரண்டு தடவை உருட்டி, ஓட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) எடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்திருக்கும், நாலு மூலையும் மறுபடி அளந்துவிட்டு, அதற்குப் பிறகு அலைன்மென்ட்டுக்குப் போங்கள்.